பதம் விடாத சொல்

மகுடேஸ்வரன் மேஜையை ஓங்கித் தட்டினார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. வரைபடத் தாளைத் தாரணியின் முகத்துக்கு நேரே ஆட்டியபடி நீளமாக என்னவோ சொன்னார். வாய் திறந்து மூடிய வேகத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சில் இரண்டு மூன்று விலங்குகளாவது வந்து போயிருக்க வேண்டும்.

தாரணியின் காதுக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: "மன்னிக்கவும், தாரணி மேடம். இந்த வரைபடத்தை நாம் இன்னொரு முறை பார்க்கலாமா?"

அதே கரகரப்பு, அதே கனம். சந்தேகமே இல்லாமல் அவருடைய குரல்தான். ஆனால் குரல் பேசி முடித்த பிறகும் வாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஜெனிட்டா குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள். அவள் சிரிப்பை அடக்கப் படும் பாடு அது.

கோயமுத்தூர் கணபதிப் பக்கம் இருந்த அந்தப் பம்ப் கம்பெனியில் காதில் குமிழ் மாட்டிக்கொள்வது புதிய விஷயமில்லை. கீழ்த்தளத்தில் சோதனைக் குழி இருக்கிறது. நாள் முழுக்க அங்கே மோட்டார்கள் அலறும். மேலே உட்கார்ந்து வடிவமைக்கிறவர்களுக்கும் சேர்த்துத் தலைவலி வரும் என்பதால், வெளிச்சத்தத்தை அடைத்து மனிதக் குரலை மட்டும் உள்ளே விடுகிற குமிழை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றினால் வருகைப் பதிவு நின்றுவிடும். புதிதாக வந்தது அந்தக் குமிழுக்குள் ஏற்றிய 'பதம்' என்ற மென்பொருள். பேசுகிறவரின் வாக்கியத்தைப் பிடித்து, வசவைக் களைந்து, மரியாதையைச் சேர்த்து, அவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும். கண் சிமிட்டுகிற நேரம்தான் தாமதம்.

அதை ஏன் வாங்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வடிவமைப்புத் தலைவர் மகுடேஸ்வரன் மூளைக்காரர். சுற்று வட்டாரத்தில் பாதித் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றுவது அவர் வடிவமைத்த போர்வெல் பம்ப்தான். ஆனால் நாக்கு? அதை அவர் தலைமுறையிலேயே யாரும் சரியாக வார்க்கவில்லை. பிள்ளைகள் வருவார்கள், ஒரு வருஷம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். போகாதவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளிக்கு அவரை அனுப்பவும் மனசில்லை, 'கொஞ்சம் பார்த்துப் பேசுங்க' என்று சொல்லவும் தைரியமில்லை. அப்படிப்பட்ட ஆட்கள் காசு கொடுத்து வாங்குவதற்கென்றே உலகத்தில் சில பொருள்கள் தயாராகின்றன.

தாரணிக்கு நடந்தது பதம் வருவதற்கு முன்பு, ஆடி மாதக் கடைசியில். பம்புக்குள் மணல் ஏறி அடைத்துக்கொள்வதற்கு வழி கண்டுபிடிக்க ஒரு கூட்டம். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மணலும் சேர்ந்து ஏறும். உள்ளே சுழலும் சக்கரம் சிக்கி, மோட்டார் கருகும். அவளிடம் ஒரு யோசனை இருந்தது. பல நாளாக மனதுக்குள் போட்டு உருட்டி, வீட்டு மிக்ஸியில் ஆற்று மணலைப் போட்டுப் பார்த்து, அந்த மிக்ஸியையும் காவு கொடுத்த யோசனை.

"சார், மோட்டார் நிக்கறப்ப அதைக் கொஞ்சம் பின்னால சுத்த விட்டோம்னா அந்த மணலு—"

அவ்வளவுதான் சொன்னாள்.

"ஏம்புள்ள, உனக்குக் குடுக்கற சம்பளத்துக்கு நாலு எருமை வாங்கிக் கட்டியிருந்தா பாலாச்சும் கறந்திருக்கும்! பின்னால சுத்தறதாமா! நீ மொதல்ல முன்னால ஒழுங்கா நடந்து பழகு."

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த எருமை தாங்களாகிவிடக் கூடாதே என்கிற சிரிப்பு. அன்றைக்கு அப்படிச் சிரித்தவர்களும் அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை என்பதைத் தாரணி கவனித்தாள். அடி வாங்கியது அவள் ஒருத்திதான். ஆனால் வீக்கம் எல்லோருக்கும் வந்திருந்தது.

அவளுக்குக் கோபம்கூட அதிகம் வரவில்லை. வேறொன்று நடந்தது. எந்த யோசனை தலை தூக்கினாலும் கூடவே அந்த எருமையும் வந்து நின்றது. இரண்டையும் சேர்த்து விரட்டிவிட்டு, சொன்னதை மட்டும் வரைந்து, பஸ் வருகிற நேரத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பழகிவிட்டாள். ஒரு காலத்தில் குளிக்கும்போதுகூடப் பம்பைப் பற்றி யோசித்தவள். இப்போது பம்ப் முன்னால் நின்றுகொண்டு இரவுக் குழம்பைப் பற்றி யோசித்தாள்.

பதம் வந்த புதிதில் வயிற்றுக்கடுப்பு நின்றது நிஜம். காலையில் ஆபீஸ் வாசலைப் பார்த்ததும் வருகிற அந்தக் கடுப்பு. அதற்காகவே அந்த மென்பொருளைச் செய்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று அவள் நினைத்தாள். அவளும் ஜெனிட்டாவும் அதில் ஒரு விளையாட்டையும் கண்டுபிடித்தார்கள். மகுடேஸ்வரனின் வாய் எவ்வளவு நேரம் ஆடுகிறது, காதில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, மிச்சத்தை ஊகிப்பது. பஸ்ஸில் போகும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. காதுக்குப் பதம் இருந்தது, கண்ணுக்கு இல்லை. அந்தச் சுருங்கிய புருவமும் இகழ்ச்சியாகக் கோணும் உதடும் அப்படியேதான் வந்து சேர்ந்தன. தாரணி அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள். அவர் பேசும்போது மேஜை விளிம்பைப் பார்ப்பாள். விளிம்பில் ஒட்டியிருந்த பலகை ஓரிடத்தில் பிரிந்திருந்தது. அந்தப் பிரிவை அவளைப்போல் அறிந்தவர் கம்பெனியில் கிடையாது.

அப்புறம் ஜெனிட்டாவின் பேச்சு போயிற்று. ஜெனிட்டா தூத்துக்குடிக்காரி. அவள் வாயில் 'ஏட்டி' இல்லாமல் ஒரு வாக்கியம் தொடங்காது. வேலைக்கு நடுவே, "ஏட்டி, கோட்டிக்காரி, என்னத்தப் போட்டு இப்படி வரஞ்சு வச்சிருக்க?" என்று கேட்டால்தான் தாரணிக்கு அந்த நாள் விடிந்த மாதிரி இருக்கும். இப்போது அதே வாய் அசைந்தால் காதில், "மேடம், தங்கள் வரைபடம் குறித்து ஒரு சிறு ஐயம்" என்று வந்தது. இவள் பதிலுக்குச் சீண்டினால் அவளுக்கும் ஏதோ அரசாங்க அறிவிப்பு போய்ச் சேரும். கேலிக்கு உயிரே நேரம்தான். அந்தக் கண் சிமிட்டல் தாமதத்தில் எல்லாக் கேலியும் செத்துப் பிறந்தது. கேண்டீனில் தோசை வார்க்கிற ருக்குமணியக்கா, "என்ன அம்மிணி, இன்னிக்கு மொகமே நல்லால்ல?" என்று வாயசைப்பதைப் பார்க்க முடியும். காதில், "மேடம், தங்கள் உடல்நலம் எப்படி?" என்று கேட்கும். மரியாதை பெருகிப் பெருகி அந்தக் கட்டிடத்தில் மனிதர்களே குறைந்துபோன மாதிரி இருந்தது.

கார்த்திகை மாதத்தில், பதம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு கூட்டம் போட்டார்கள். அதை விற்ற கம்பெனியின் சார்பில் கிஷோர் என்ற பையன் சென்னையிலிருந்து வந்திருந்தான். மனிதவளப் பிரிவின் சுகந்தி மேடம், மகுடேஸ்வரன், வடிவமைப்பு ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததால், குமிழ்களை முதலிலேயே கழற்றி மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டான் கிஷோர்.

"கசப்பெல்லாம் குறைஞ்சிருக்குது. லீவும் குறைஞ்சிருக்குது," என்றார் சுகந்தி. "ஆனா புது யோசனைன்னு ஒண்ணு கூட வரலையே? நாங்க வாங்குனதே அதுக்குத்தானே?"

"மேம், பதம் வலியைத்தான் குறைக்கும்," என்றான் கிஷோர். "பேச வைக்கறது எங்க கையில இல்ல. ஒருவேளை பாஷை ரொம்ப ஃபார்மலா இருக்கறது காரணமா இருக்கலாம். அடுத்த அப்டேட்ல வட்டார வழக்கு வருது. கொங்குத் தமிழ்லயே பேசும்."

"அப்ப 'ஏட்டி'ய விடுமா?" என்று ஜெனிட்டா கேட்டாள்.

"சாரி மேம். லேடீஸைக் கூப்பிடற அந்த மாதிரி வார்த்தைங்க மொத்தமா தடை. ஏட்டி, புள்ள, கண்ணு, தங்கம், அம்மிணி எல்லாமே. அன்பா சொன்னதா, மட்டமா சொன்னதான்னு மெஷினுக்குத் தெரியாது. அதனால எங்க சட்டப் பிரிவு எந்த அப்டேட்லயும் விட மாட்டாங்க. எல்லாமே 'மேடம்'தான்."

பிறகு அவன் உற்சாகமாக எழுந்தான். "ஒரு சாம்பிள் போட்டுக் காட்டறேன். முதல்ல மாத்தினது, அப்புறம் ஒரிஜினல்."

சுவரில் இருந்த ஸ்பீக்கரில் மகுடேஸ்வரனின் குரல் வந்தது. "ஜெனிட்டா மேடம், மேலுறையின் வடிவத்தை இன்னும் சற்றுச் செம்மைப்படுத்தலாம்." தொடர்ந்து அதே குரல், அசலாக: "உப்பளத்துல வாரிக்கிட்டு இருக்க வேண்டியதையெல்லாம் கொண்டாந்து கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சா இப்பிடித்தான் வரையும். எந்திரிச்சுப் போ புள்ள அந்தப் பக்கம்!"

ஜெனிட்டாவின் அப்பா உப்பளத் தொழிலாளி. வேலைக்குச் சேர்ந்த அன்று பெருமையாக அவளே சொன்ன விஷயம் அது.

ஜெனிட்டா மெதுவாகச் சொன்னாள். "இது போன திங்கக்கிழமை. இதக் கேட்டுட்டு நான் 'சரிங்க சார்'னு பல்லக் காட்டிச் சிரிச்சேன்."

மகுடேஸ்வரன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதம் வந்தபோது நடந்த விளக்கக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. மனிதவளப் பிரிவு கூட்டம் போட்டால் அவருக்கு அது டீ குடிக்கிற நேரம். போய்ச் சொல்ல யாருக்கும் துணிச்சலும் இருந்திருக்கவில்லை. தன் கீழ் வேலை செய்கிறவர்கள் கொஞ்ச நாளாகத் திருந்தி, சொன்னதைச் சிரித்த முகமாகக் கேட்டுக்கொள்கிறார்கள் என்றே அவர் நம்பியிருந்தார்.

"இது... நானுங்களா?" என்றார்.

"ஆமா சார்! குரல் அப்படியே மேட்ச் ஆகுது பாருங்க," என்றான் கிஷோர், அப்பாவியாக.

"இத்தனை நாளும் நான் பேசுனது எதுவும் இவங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

சுகந்தி மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். மகுடேஸ்வரன் எழுந்து வெளியே போய்விட்டார். தாரணிக்கு ஒரு கணம் அவர்மேல் பரிதாபம் வந்தது. ஜெனிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் அது போயிற்று.

சில நாள் விடுப்புக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். கிஷோர் சொன்ன அப்டேட்டும் வந்துவிட்டது என்று தாரணி நினைத்துக்கொண்டாள். ஏனென்றால் காதில் இப்போது கொங்குத் தமிழ் கேட்டது. "இது நல்லா வந்திருக்குதுங்க." "இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் பாருங்க." பழைய 'மேடம்' தமிழுக்கு இது தேவலாம் என்று இருந்தது. அவர் பேசுவது குறைந்திருந்தது. வாக்கியத்துக்கு நடுவில் வண்டி மேடேறுகிற மாதிரித் திணறித் திணறி நின்றது. புது அப்டேட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மேஜை விளிம்பைப் பார்த்தபடியே, "சரிங்க சார், சரிங்க சார்" என்றாள்.

அவர் திருந்தவே தேவையில்லையே! திருந்துகிற வேலையையும் மிஷினே பார்த்துக்கொள்ளும். அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. பாராட்டையும் நம்ப முடியவில்லை. கடையில் கல்லாப்பெட்டி மிஷின் 'நன்றி, மீண்டும் வருக' என்று துப்புகிற சீட்டை யார் படிக்கிறார்கள்?

"எங்கிட்டயும் வந்து என்னமோ சொன்னாரு," என்றாள் ஜெனிட்டா, ஒரு நாள் பஸ்ஸில். "மிஷினு நல்லாத்தான் பேசுது."

மார்கழியில் மணல் பிரச்சினை கழுத்தைப் பிடித்தது. அவிநாசிப் பக்கமிருந்தும் பல்லடத்தில் இருந்தும் கருகிய பம்புகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. பொங்கலுக்குள் வழி கண்டுபிடிக்காவிட்டால் அந்த வகைப் பம்பையே நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். நிறுத்தினால் கீழ்த்தளத்தில் பாதிப்பேருக்கு வேலை இருக்காது. அந்தக் கருகிய மோட்டார்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தாரணியின் தொண்டை வரை அந்த யோசனை வந்தது. கூடவே எருமையும் வந்தது. ஓசூர் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. யோசனையை வயிற்றிலேயே புதைத்துக்கொண்டு, நல்லபடியாகக் கிளம்பிவிடலாம்.

"சொல்லித் தொலையேன்ட்டி, ஒனக்குத்தான் தெரியுமே," என்றாள் ஜெனிட்டா, பஸ்ஸில்.

"யாருகிட்டச் சொல்றது? அவருகிட்டயா, அந்தக் குமிழுகிட்டயா?"

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் மகுடேஸ்வரன் அவள் மேஜைக்கு வந்தார். கூப்பிட்டு அனுப்புகிறவர்தான் எப்போதும். வந்து நின்றார். அவருடைய செருப்பு ஒரு காலில் இருந்து மறு காலுக்கு எடை மாற்றுவதைத் தாரணி பார்த்தாள்.

"அம்மிணி," என்று காதில் குரல் வந்தது. "ஆடியில நீங்க ஒண்ணு சொல்ல வந்தீங்க. நான் பாதியிலயே நிறுத்திப் போட்டேன். அன்னிக்கு நான் பேசுனது... அது தப்புங்க. நாலு பேரு முன்னால பேசியிருக்கக் கூடாது." குரல் நின்றது. மறுபடி கிளம்பியது. "இப்பச் சொல்றீங்களா? கேட்டுக்கறேன்."

ஸ்டேஷனில் 'ரயில் தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று சொல்கிற குரலை எத்தனை பேர் நின்று கேட்கிறோம்? இந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து அவள் காதில் ஆயிரம் 'மன்னிக்கவும்' விழுந்திருக்கும். அதில் இது ஒன்று. நிஜத்தில் இந்த ஆள், 'என்னமோ உளறுனியே புள்ள, அதையாச்சும் சொல்லு' என்று கேட்டிருப்பார். மிஷினை விட்டு மன்னிப்புக் கேட்க வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது! அவளுக்குக் காது மடல் சூடேறியது.

"அப்படி எதுவும் இல்லீங்க சார்," என்றாள் மேஜை விளிம்பிடம்.

செருப்புகள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. "சரிங்க," என்றது குரல். செருப்புகள் போயின.

அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும் முன் தாரணி ராஜினாமாவை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் கேண்டீனில் வரிசையில் நின்றாள். ருக்குமணியக்காவுக்கு அதற்குள் சேதி தெரிந்திருந்தது. தோசைக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, கண் கலங்க என்னவோ கேட்டாள். முதல் சொல்லை உதட்டிலேயே படிக்க முடிந்தது. அம்மிணி. காதில் வந்தது: "மேடம், நெசமாலுமே போறீங்களாங்க?"

தட்டை நீட்டிய தாரணியின் கை அப்படியே நின்றது.

புது அப்டேட்தான் இது. கொங்குத் தமிழ்தான். ஆனாலும் 'மேடம்'. எந்த அப்டேட்டிலும் விட மாட்டோம் என்று அந்தப் பையன் சொன்னது ஞாபகம் வந்தது. ஏட்டி, புள்ள, கண்ணு, தங்கம், அம்மிணி.

நேற்று அவர் குரலில் 'அம்மிணி' என்று கேட்டதே?

தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்க் கிஷோரைப் போனில் பிடித்தாள். அவன் முதலில் மழுப்பினான்.

"மேம், அது... யாருக்கும் சொல்ல வேணாம்னாரு. அன்னிக்கு மீட்டிங் முடிஞ்சதும் பார்க்கிங்ல வந்து பிடிச்சுக்கிட்டாரு. 'என்ற குரலுக்கு மட்டும் அதை எடுத்து விட்ருங்க தம்பி. நான் பேசறது பேசற மாதிரியே போகட்டும், நானே பேசிப் பழகிக்கறேன்'னாரு. முதலாளிகிட்டயும் அனுமதி வாங்கிட்டாரு."

"அன்னிக்கே எடுத்துட்டீங்களா?"

"அன்னிக்கே எடுத்தாச்சு மேம். நான்கூட டீமுக்குச் சொல்லிடலாமேன்னு கேட்டேன். 'சொன்னா வேஷம் கட்டறேன்னு நெனப்பாங்க, அவங்களுக்கே தெரியட்டும்'னாரு."

தாரணி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நல்லா வந்திருக்குதுங்க. இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் பாருங்க. திணறித் திணறி வந்த ஒவ்வொரு வாக்கியமும் இப்போது முதல் தடவையாகக் கேட்டது. கோளாறு என்று அவள் நினைத்தது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் வாயில் வந்த வசவை விழுங்கிவிட்டு வேறு சொல் தேடிய நேரம். அவ்வளவு பாடுபட்டு அவர் சொன்ன 'தப்புங்க' என்ற சொல்லை அவள் மேஜை விளிம்பில் துடைத்துப் போட்டிருந்தாள். அவள்மேல் தப்பில்லை. இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஜெனிட்டாவிடம் ஓடினாள். தன் குமிழைக் கழற்றி, அவளையும் கழற்றச் சொல்லிச் சைகை செய்து, அவள் காதில் கத்தினாள். "உங்கிட்ட வந்து என்னமோ சொன்னாருன்னியே, என்ன சொன்னாரு?"

"எங்கப்பா ஊருல இருந்து வந்தா நேர்ல பாக்கணும்னாரு. ஒங்ககிட்டத் தப்புன்னு சொன்னா மட்டும் போதாது, அவருகிட்டயும் சொல்லணும்னு..." ஜெனிட்டா சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள். தாரணியின் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி. அது மிஷினு இல்லியா?"

"இல்லடி."

ஜெனிட்டா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் 'ரொம்ப நன்றி சார்'னுட்டு போனப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சோதனைக் குழியில் மகுடேஸ்வரன் தனியாக நின்றிருந்தார். பல்லடத்தில் இருந்து வந்த பம்பைத் தொட்டியில் இறக்கி, மணல் கலந்த தண்ணீரில் ஓட விட்டிருந்தார். தாரணி குமிழை மறுபடி மாட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். சத்தம் முகத்தில் அறைந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் வெறும் காதைப் பார்த்ததும் தன் குமிழையும் கழற்றினார்.

"பின்னால சுத்த விடணுங்க சார்!" என்று தாரணி அடிவயிற்றில் இருந்து கத்தினாள். அந்தச் சத்தத்தில் அப்படித்தான் பேச முடியும். "மோட்டார் நிக்கறப்ப! பின்னால சுத்துனா மணலு கழண்டு கீழ எறங்கிரும்!"

மகுடேஸ்வரனின் புருவம் சுருங்கியது. உதடு கோணியது. தாரணியின் கண்கள் தாமாகவே கீழே இறங்கப் பார்த்தன. கீழே இருந்தது தொட்டியின் விளிம்பு. வேண்டாம் என்று இழுத்துப் பிடித்து, அந்த முகத்தையே பார்த்தாள். வாய் திறந்தது. ஏதோ ஒன்று நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே திரும்பி உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தாள். அவர் எச்சில் விழுங்கினார்.

"ஆகாதுங்க அம்மிணி!" என்று அவரும் கத்தினார். "பின்னால சுத்துனா சக்கரத்தப் பிடிச்சிருக்கற நட்டு கழண்டுக்கும்! பம்பே உள்ள விழுந்துரும்!"

வாய் நின்ற இடத்தில் சொல்லும் நின்றது. மிச்சம் எதுவும் இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருவர் அவளிடம் 'ஆகாது' என்று சொல்கிறார். பதம் அதை 'பார்க்கலாம்' என்று மாற்றியிருக்கும். ஆகாது, அதுவும் ஏன் ஆகாது என்ற காரணத்தோடு.

"இந்த நட்டு விஷயத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க!" என்று தாரணி கத்தினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடுத்த நாளே அதுக்கு வழியோட வந்திருப்பனே சார்!"

"சொல்லியிருக்கோணும்! நட்டச் சொல்றத விட்டுப்போட்டு எருமைய இழுத்தேன்!"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கழுத்தில் கிடந்த துப்பட்டாவை உருவி, இரண்டு கையாலும் பிடித்து, துவைத்த துணியை உதறுகிற மாதிரி அவர் முன்னால் படபடவென்று உதறிக் காட்டினாள். "முழுச் சுத்து வேண்டாங்க! அரைச் சுத்து பின்ன, அரைச் சுத்து முன்ன! இந்த மாதிரி ஒதறுனா நட்டு கழறாது, மணலு நிக்காது!"

மகுடேஸ்வரன் துப்பட்டாவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி துப்பட்டாவைப் பார்த்தார். பிறகு நடந்து போய்ச் சுவிட்சை அணைத்தார். மோட்டார் முனகி அடங்கியது. அந்தக் கட்டிடத்தில் அவ்வளவு அமைதியைத் தாரணி கேட்டதே இல்லை.

ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் நகர்த்தினார். இன்னொன்றில் தான் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க அம்மிணி," என்றார். "மொதல்ல இருந்து."

ஆடியில் பாதியில் நின்றுபோன வாக்கியத்தைத் தாரணி முதலில் இருந்து தொடங்கினாள்.